சீட் போல்ட்டின் இரண்டு பாதிகள்

"சேர்த்துப் பார்த்தீங்களா?"

"பார்த்தா என்ன இப்போ? நான் கேக்கறேன்..."

"முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கப்பா. ரெண்டையும் சேர்த்து வச்சீங்களா, இல்லையா?"

"வச்சேன். வச்சு லேசா ஒரு திருகு. பொருந்துதான்னு பார்க்க வேண்டாமா? அதுக்குப் போய்..."

"திருகினீங்களா! ஐயோ!"

"...என்னமோ புது ஜாடியைப் போட்டு உடைச்ச மாதிரி கத்தறே. ஏற்கெனவே உடைஞ்சதுதானே வாலு!"

மணி ஆறரை. சமையலறை மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா திறந்து கிடந்தது. உள்ளே பஞ்சு மெத்தை. மெத்தையில் படுத்திருக்க வேண்டிய இரண்டு இரும்புத் துண்டுகளும் சைக்கிள் கடைக்காரரான அப்பாவின் உள்ளங்கையில் இருந்தன. இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஒரு விரல் நீளம் வரும். அவ்வளவுதான் அந்த சீட் போல்ட்.

ஆனால் அந்த விரல் நீளத்துக்கு இந்த வீட்டில் மூன்று வாரமாக யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

தலை சீவிக்கொண்டே அம்மா வந்தாள். பஸ் கண்டக்டர் சீருடை, தோளில் டிக்கெட் பை, வாயில் ஹேர்பின். ஹேர்பின்னை எடுக்காமலே கேட்டாள்: "யாரு எதைத் திருகினது?"

"டப்பா மேல தொடாதேன்னு எழுதியிருந்தேன்மா. கொட்டை எழுத்துல!"

"அது எனக்குத்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"இந்த வீட்டுல உடைஞ்ச சாமானைப் பார்த்தா கை அரிக்கிறவர் வேற யாரு இருக்கா? நானா?" ஹேர்பின்னைக் கொண்டையில் குத்தினாள் அம்மா. "அந்த எழுத்தாவது கண்ணுக்குத் தெரிஞ்சுதா? கண்ணாடியைப் போட்டுக்குங்க, போட்டுக்குங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"ஆமா. நேத்து பேப்பரை நீட்டிப் பிடிச்சுப் படிச்சதுல எதிர்வீட்டுக்காரருக்கே எல்லா நியூஸும் தெரிஞ்சு போச்சு."

வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். இன்றைக்கு மகள் வாலு மட்டும் சிரித்தாள், அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் பஞ்சில் வைத்தார். பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தார். வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்தக் கைதான் சங்கதி.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, அம்மாவின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடை மாமா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சீட் கிறீச் கிறீச்னு கத்துது அத்தான், தெருவே திரும்பிப் பார்க்குது" என்றார். அப்பா சீட் போல்ட்டைக் கழற்றினார், எண்ணெய் விட்டார், மறுபடி மாட்டி முறுக்கினார். இரண்டு பேரும் ஏதோ பழைய கதை பேசிச் சிரித்தார்கள். மாமா ஏறித் தெருமுனையைத் தாண்டவில்லை, போல்ட் இரண்டாக முறிந்தது. சீட் கவிழ்ந்தது. மாமா ரோட்டில் விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

ஓடிப்போய்த் தூக்கியவரும் அப்பாதான். வலியில் முகம் சுருங்க, மாமா அப்போது ஒன்று சொன்னார்: "கொஞ்சம் அதிகமா முறுக்கிட்டீங்களோ அத்தான்?"

திட்டவில்லை. கோபிக்கவில்லை. கேட்டார், அவ்வளவுதான். முப்பது வருஷமாக ஸ்பானர் பிடித்த கை அன்றோடு நின்றுபோயிற்று. கடையைத் திறக்கிறார். காற்றடிக்கிறார். பங்சர் ஒட்டுகிறார். முறுக்குகிற வேலை வந்தால் மட்டும், "அடுத்த தெருவுல ஒரு கடை இருக்கு" என்கிறார். மாமா வீட்டுப் பக்கமும் போகவில்லை, போனும் செய்யவில்லை. மாமாவும் செய்யவில்லை. அவர் கடையில் லென்ஸ் மாட்ட ஆள் இல்லாமல் ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்கிறது. நடுவில் அம்மா, இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறாள். அவள் போகாத ரூட் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

வாலு ஷூவை மாட்டினாள். டப்பாவைப் பையில் வைத்தாள்.

"இன்னைக்குத் தெரிஞ்சிடுமா?" அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க திருகாம இருந்திருந்தா நிச்சயமாத் தெரிஞ்சிருக்கும்" என்று வாய்வரை வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

\*

வாலு இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். இந்த விடுமுறையில் கல்லூரியின் உலோக ஆய்வகத்தில் எட்டு வாரப் பயிற்சிக்கு நாலு பேரை எடுத்தார்கள். அவளும் ஒருத்தி. ஏழாவது வாரம் நடக்கிறது. அவள் வேலை, எஃகுக் கம்பிகளை மெஷினில் மாட்டி, அது ஆட்டி ஆட்டி உடைக்கும்வரை காத்திருப்பது. எத்தனை லட்சம் ஆட்டத்தில் உடைந்தது என்று குறிப்பது. உடைந்த முனையின் பரப்பை, அதைத்தான் 'முகம்' என்பார்கள், மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. அது வெறும் மைக்ரோஸ்கோப் இல்லை. ஓர் அறை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். அதில் ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். இன்றைக்கு வாலுவின் முறை.

"மெஷின் உடைச்சதை மட்டும் பார்த்தாப் பத்தாது. வெளியில தானா உடைஞ்சது ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க" என்று புரொபசர் சொல்லியிருந்தார். ஒருத்தன் கரண்டிக் காம்பு கொண்டு வந்தான். ஒருத்தி பூட்டுக்குள் முறிந்த சாவி. இன்னொருத்தன் அவன் உட்கார்ந்து உடைத்த நாற்காலியின் கால். வாலு, மாமா விழுந்த அன்றைக்கு ரோட்டோரம் மண்டியிட்டுப் பொறுக்கிய இரண்டு துண்டுகள்.

பதிவேட்டில், 'சைக்கிள் போல்ட்' என்று எழுதினாள். யாருடையது, யார் முறுக்கியது என்று எழுதவில்லை.

மைக்ரோஸ்கோப் அறைக்குப் பொறுப்பு ஒரு ஆராய்ச்சி மாணவி. வாலுவைவிட நாலைந்து வயதுதான் பெரியவள். யார் உள்ளே வந்தாலும், "தூசி! தூசி! ஷூவைக் கழட்டு!" என்று கத்துவாள். அதனால் அவள் பெயரே தூசி அக்கா ஆகிவிட்டது. அது அவளுக்கும் தெரியும்.

பூதக்கண்ணாடியில் பார்த்ததுமே தூசி அக்காவின் புருவம் ஏறியது.

"முகத்துல யாரு கை வச்சது?"

"எங்கப்பா. சேர்த்துத் திருகிப் பார்த்திட்டார்."

"எல்லா அப்பாவும் இதைத்தான் செய்வாங்க. எங்கப்பா உடைஞ்ச பல்செட்டையே ஒட்டவச்சுப் பார்த்தவர், அதுவும் வாய்க்குள்ள." சிரித்தாள். உடனே சிரிப்பு போய்விட்டது. "ஆனா இது தொல்லைதான். பாரு, மேடா இருந்த இடமெல்லாம் வட்டமாத் தேய்ஞ்சு பளபளங்குது. முறுக்கி உடைஞ்ச போல்ட்லயும் இப்படித்தான் வட்டமாத் தேய்ஞ்சிருக்கும். இது இன்னைக்குக் காலையில வந்ததா, உடையறப்போ வந்ததான்னு அந்த இடத்தை வச்சுச் சொல்லவே முடியாது."

வாலு குனிந்து அந்தப் பளபளப்பைப் பார்த்தாள்.

"மொத்தமும் போயிடுச்சாக்கா?"

"பள்ளத்துல இருக்கிறது பிழைச்சிருக்கும். பார்ப்போம்."

துண்டைக் கழுவினார்கள். சின்ன வட்டத் தட்டில் ஒட்டினார்கள். பெட்டிக்குள் வைத்து மூடியதும், மெஷின் உள்ளே இருந்த காற்றை உறிஞ்சத் தொடங்கியது. நாலு நிமிஷம். வீட்டில் அப்பா காற்றடித்துக்கொண்டிருப்பார், இங்கே இது காற்றை எடுக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் வாலு.

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு நிலப்பரப்பு எழுந்தது. மலை, பள்ளத்தாக்கு, சரிவு. கடுகளவு இரும்புக்குள் அத்தனை ஊர்.

வாலு குமிழைப் பிடித்து நேராக இடது ஓரத்துக்குப் போனாள். அங்கேதான் துரு நிறம் இருந்ததை வெறும் கண்ணால் பார்த்திருந்தாள். துரு என்றால் பழசு. பழசு என்றால்...

தூசி அக்கா அவள் கை மேல் கை வைத்தாள். "ஏன் அங்க?"

"அங்கதான்க்கா..."

"அங்கதான் உனக்கு வேண்டியது இருக்குன்னு உனக்கே தெரியுது. சரி. இது யாரு சைக்கிள்?"

"மாமாவோடது."

"முறுக்கினது?"

 வாலுவின் கண் நிறைந்துவிட்டது. ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது.

"தண்ணி! தண்ணி!" என்று பதறித் துணியால் துடைத்தாள் தூசி அக்கா. பிறகு வாலுவின் நாற்காலியை அப்படியே சக்கரத்தோடு சுவர்ப்பக்கம் திருப்பினாள். "நீ பார்க்காதே. நான் பார்க்கறேன். முகம் முழுக்கக் கட்டம் போட்டுப் பன்னிரண்டு இடம். நான் சொல்றதை மட்டும் எழுது. கேள்வி கேட்கக் கூடாது."

"ஏன்க்கா?"

"கேள்வி கேட்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்! நாளைக்கு உங்கப்பா, நீ எனக்காகச் சொல்றியான்னு கேட்டா என்ன சொல்லுவே?"

வாலு நோட்டைத் திறந்தாள். அவள் முன்னால் வெறும் சுவர். தீயணைப்பான் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு. உரசல். ஒண்ணும் சொல்ல முடியாது."

எழுதினாள்.

"ரெண்டு. உரசல். மூணு. உரசல்." குமிழ் திரும்பும் சத்தம். "நாலு..." நாற்காலி முன்னால் நகரும் சத்தம். "உரசல்."

பேனா பேப்பரில் அழுந்தியது. காலையில் ஒரு திருகு. ஒரே ஒரு திருகு.

"அஞ்சு. உம். கோடு."

"என்ன கோடு..."

"எழுதுன்னா எழுது. ஆறு. கோடு. ஏழு. கோடு, நல்லா வரிசையா. எட்டு. உரசல். ஒன்பது. கோடு, மேல துரு. பத்து. கோடு. பதினொண்ணு. குழி. பன்னிரண்டு. குழி, சாயாம நேரா நிக்குது."

வாலு எழுதியதை எண்ணிப் பார்த்தாள். ஐந்து உரசல், ஐந்து கோடு, இரண்டு குழி. கோடு என்றால் என்ன என்று ஏழு வாரத்தில் அவளுக்கு மனப்பாடம். அலை வந்து வந்து மணலில் விட்டுப்போகிற மாதிரி, விரிசல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துளித்துளியாக நகர்ந்த தடம் அது. ஒருநாளில் வராது. மாதக்கணக்கில் வரும். ஒரே முறுக்கில் முறிந்திருந்தால் கோடே இருக்காது, குழிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். நேராக நிற்கிற குழி, மிச்சம் இருந்த இரும்பு கடைசியில் இழுபட்டு அறுந்த இடம்.

ஆனாலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பச் சொல்லும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் புரொபசர் டீக் கப்போடு எட்டிப் பார்த்தார். ("கப்! கப் வெளியே சார்!" என்றாள் தூசி அக்கா. அவர் கப்பை வராந்தாவில் வைத்துவிட்டு ஷூவையும் கழற்றிவிட்டு வந்தார்.) யாருடையது என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. பன்னிரண்டு படங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பழைய விரிசல். மூணுல ரெண்டு பங்கு எப்பவோ போயிடுச்சு. மிச்சம் இருந்த ஒரு பங்குலதான் அந்த ஆளு உட்கார்ந்து ஓட்டியிருக்கார். சீட் சத்தம் போட்டிருக்குமே?"

"போட்டது சார். கிறீச்னு."

"அந்த விரிசல்தான் அழுதிருக்கு."

"யாராவது அதிகமா முறுக்கி உடைஞ்சிருக்குமா சார்?" குரல் நடுங்காமல் கேட்டுவிட்டாள் வாலு.

"இல்லை. முறுக்கினவர் மேல பழியைப் போடாதே." கதவு வரைக்கும் போனவர் நின்றார். "ஆனா கழட்டிக் கையில எடுத்துப் பார்த்திருந்தா, தலைக்குக் கீழே முடி மாதிரி ஒரு துருக்கோடு தெரிஞ்சிருக்கும். இதோ, இந்த ஓரம் வெளியில வருது பாரு. எண்ணெயைத் துடைச்சிட்டு உத்துப் பார்த்திருக்கணும். அவ்வளவுதான்."

போய்விட்டார்.

வாலு பேனாவை மூடவில்லை. கடைசியில் அவர் சொன்னதை எழுதுவதா வேண்டாமா என்று தூசி அக்காவைப் பார்த்தாள். தூசி அக்கா லென்ஸ் துணியை மடித்துக்கொண்டே, "நோட்டு உன்னோடது" என்றாள்.

எழுதினாள்.

\*

சாயங்காலம் வாலு அப்பாவின் கடைக்குள் நுழையும்போது அம்மா ஏற்கெனவே அங்கே இருந்தாள். டியூட்டி முடிந்து நேரே வந்து, பங்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டீச்சரம்மா பிரேக்கைக் காட்டி, "கொஞ்சம் முறுக்கி விடுங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்பா ஸ்பானரை அவரிடமே நீட்டினார்.

"நானா? எனக்குச் சாக்பீஸ்தான் பிடிக்கத் தெரியும்!"

"நீங்க முறுக்குங்க டீச்சர். நான் பக்கத்துல நிக்கறேன்."

டீச்சரம்மா முறுக்கிவிட்டுப் போனார். அப்பா அவர் போவதைத் தெருமுனை வரைக்கும் பார்த்தார். விழாமல் போகிறாரா என்று.

"சொல்லு" என்றாள் அம்மா, மகளைப் பார்த்ததும். "முகத்தைப் பார்த்தா ஒண்ணும் புரியலை. ஸ்டாப்பிங் வருமா வராதா?"

"அப்பா உடைக்கலைம்மா."

அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"பழைய விரிசல். மாசக்கணக்கா இருந்திருக்கு. சும்மா ஓட்டினாலே அன்னைக்கோ மறுநாளோ உடைஞ்சிருக்கும். முறுக்கி உடைஞ்சது இல்லை. நான் சொல்லலைப்பா, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பார்த்தது வேற ஆள். சொன்னது புரொபசர். அவருக்கு நீங்க யாருன்னே தெரியாது."

படத்தை நீட்டினாள். ஒரு தாள் முழுக்கச் சாம்பல் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. அப்பா அதை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். இன்னும் நீட்டினார்.

"அப்படிச் சொல்லு!" அம்மா ஒற்றை ஷூவோடு எழுந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தாள். "மூணு வாரம்! அந்தப் பக்கம் போனா அவன் உம்முனு இருக்கான், இந்தப் பக்கம் வந்தா இவர் காத்தடிக்கிறார். இப்பவே சொல்றேன் அவன்கிட்ட. வாயில வந்ததைக் கேட்டு வச்சான் பாரு..."

"இரு" என்றார் அப்பா.

தாளைப் பார்த்தபடியே மகளைக் கேட்டார். "இந்த விரிசல் வெளியில தெரிஞ்சிருக்குமா?"

வாலு அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். டிக்கெட் வாங்காதவரை ஒரு பார்வையில் எழுப்புகிற கண் அது.

"எண்ணெயா இருந்திருக்கும்ப்பா..."

"கழட்டி என் கையில வச்சிருந்தேன் வாலு. இப்படி." வெறும் உள்ளங்கையைக் காட்டினார். "தெரிஞ்சிருக்குமா, தெரியாதா?"

தெருவில் ஒரு சைக்கிள் மணிச் சத்தம் கடந்து போயிற்று.

"தெரிஞ்சிருக்கும்" என்றாள் வாலு. "தலைக்குக் கீழே. முடி மாதிரி. உத்துப் பார்த்தா."

அவர் தலையாட்டினார். ஒரு தடவை. அவள் பயந்த மாதிரி அவர் முகம் இடிந்துபோகவில்லை. ரொம்ப நாளாகக் கிறீச்சிட்ட ஒன்று எங்கேயென்று கண்டுபிடித்த மெக்கானிக்கின் முகமாக அது ஆயிற்று.

"நல்ல பொண்ணு" என்றார்.

பிறகு டூல்ஸ் அலமாரியின் கீழ் இழுப்பறையை இழுத்தார். பழைய செயின், வால்வு டியூப், மணிக் கிண்ணம். அதற்கெல்லாம் அடியில் ஒரு நீலக் கண்ணாடிக் கூடு. போன வருஷம் மாமா அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, தன் கையாலேயே லென்ஸ் தேய்த்து மாட்டிக் கொடுத்தது. "கிழவன் மாதிரி இருக்குடா" என்று அன்றைக்குச் சொல்லிக் கூட்டில் போட்டவர்தான். துடைக்கிற துணி மடிப்புக் கலையாமல் இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். வாலு பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோடாகக் காட்டினாள். அவர் விரல் அவள் விரலுக்குப் பின்னாலேயே போயிற்று, அந்த ஓரம் வரைக்கும்.

"அடேயப்பா" என்றார் மெதுவாக. "எவ்வளவு பொறுத்திருக்கு."

அதற்குள் அம்மா தம்பியின் நம்பரை அழுத்தியிருந்தாள்; மணி அடித்து நின்றது. அந்தப் பக்கம் குரல் வந்தது: "என்னக்கா, இந்த நேரத்துல?"

"டேய், கேட்டுக்க, உங்க அத்தான் மேல ஒரு தப்பும்..."

அப்பா கையை நீட்டினார். அம்மா சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டாள். அந்த முகத்தில் கண்ணாடியைப் பார்த்தாள். போனைக் கொடுத்தாள்.

அவர் அதை வாங்கிக் காதில் வைத்தார்.  இன்னொரு கை தானாகப் போய் மேஜை மேல் கிடந்த ஸ்பானரைப் பிடித்துக்கொண்டது.

"மாப்ளே."

 அந்தப் பக்கத்திலிருந்து, "அத்தான்?"

"நீ செஞ்சு கொடுத்த கண்ணாடியை அன்னைக்கு நான் போட்டுக்கலைடா."